படமில்லாத அத்தியாயம்

போன மாதம் ஒரு காலை. என் மனைவி கைப்பேசியைச் சமையல் மேடையில் சர்க்கரை டப்பாமீது சாய்த்து வைத்துவிட்டு, அதில் ஒரு பெண் சொல்லச் சொல்ல மெல்லக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். முட்டி வலிக்கென்று யாரோ அனுப்பிய வீடியோ. நான் காபிக்காகச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். கைப்பேசிப் பெண் சொன்னாள்: "முட்டி கால் கட்டைவிரலத் தாண்டி முன்னால போகக் கூடாதும்மா. முட்டியில வலி வந்தா உடனே நிறுத்திடுங்க." அரை நிமிட வீடியோ. தமிழில், இலவசமாக, பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

காபி ஆறிப்போனது. நான் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்ன ஆச்சு என்று கேட்டவளுக்கு ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த இரண்டு வாக்கியங்களும் இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பே என் கையில் இருந்தன. அச்சடித்து, அட்டை போட்டு, என் பெட்டிக்குள்ளேயே இருந்தன. நான் அவற்றைப் படிக்கவில்லை. படித்ததாகச் சொல்லிக்கொண்டு வேறு எதையோ சொன்னேன். என் சிநேகிதன் ஏழுமலையின் இடது கால் இன்றைக்கும் சரியாக மடங்காததற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊர்ப் பழைய புத்தகங்களுக்கு ஒரு வாடை உண்டு. கடற்காற்றின் ஈரம், பாச்சை உருண்டை, அலமாரியில் யாரோ வைத்து மறந்த சோப்பு, எல்லாம் கலந்த வாடை. வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு பழைய வீடு கைமாறினால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பனியன்களுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே, சாக்கு விரிப்பில் அந்த வீட்டுப் புத்தகங்கள் வந்து கிடக்கும். பெரும்பாலும் பிரெஞ்சு. கடைக்காரரே பாதியைத் தலைகீழாக அடுக்கியிருப்பார். அப்படி ஒரு சாக்கில்தான் அது கிடைத்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள். தொளதொளவென்று சட்டை போட்ட ஒரு சீனக் கிழவர், தன்னைப்போல இரண்டு மடங்கு இருக்கும் வாலிபனைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறார். அடுத்த படத்தில் வாலிபன் சுவரோரம் கிடக்கிறான். கிழவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இப்போதுதான் பல் துலக்கிவிட்டு வந்தவர் போல நிற்கிறார்.

தசையின் பலத்தை நம்பாமல் உடம்புக்குள் இருக்கும் பலத்தை எழுப்பும் கலை என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும். இங்கே என் பிரெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுப்பவர்கள் நிறையப் பேர். நான் பிளஸ் டூவில் தொண்ணூற்று நாலு சதவீதம். விடுமுறைக்குப் போனதைப் பற்றி நண்பனுக்கு எழுதும் கடிதம் ஒன்றை மனப்பாடம் செய்து, கேள்விக்குத் தகுந்தபடி மலையைக் கடலாகவும் மாமாவை அத்தையாகவும் மாற்றி எல்லாப் பரீட்சையிலும் எழுதியே வாங்கிய மார்க் அது. ஒருமுறை கடற்கரையில் ஒரு பிரெஞ்சுக்காரம்மா தபால் நிலையத்துக்கு வழி கேட்டார். நான் கையைக் காட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஆனால் அந்தத் தொண்ணூற்று நாலை மட்டும் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

ஏழுமலையிடமும் சொல்லியிருந்தேன். அப்போது நாங்கள் இருவரும் சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தோம். எனக்கு மூடி ஒழுங்காகத் திருகுகிறதா என்று பார்க்கும் வேலை, அவனுக்குப் பெட்டி கட்டும் வேலை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பழக்கம். முத்தியால்பேட்டைக்காரன். அவன் அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடியபின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கவர்மெண்டு எதையும் மூடிவிட்டுப் போகாது, அதில் போய்ச் சேர் என்று தினமும் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலைக்குப் போலீஸ் வேலைமேல் கண். ஒருமுறை எழுத்துத் தேர்வில் போனது, ஒருமுறை உயரம் தாண்டுவதில் போனது. அடுத்த தேர்வுதான் கடைசி, அதை விட்டால் வயது தாண்டிவிடும். ஓட்டத்தில் மட்டும் அவனைப் பிடிக்க ஆளில்லை. அவன் ஓடுவதைப் பார்க்கும்போது நமக்கே மூச்சு லேசாகும்.

புத்தகத்தை அவனிடம் காட்டினேன். கிழவரின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இதைக் கற்றுக்கொண்டால் களைப்பே வராதா என்று கேட்டான். வராது என்றேன். அப்படி எங்கேயும் போட்டிருந்ததாக எனக்கு நினைவில்லை.

கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், வைத்திக்குப்பம் மணலில் படகுகளுக்கு நடுவே ஆரம்பித்தோம். படங்களுக்குக் கீழே இருந்த ஒரு வரி, இரண்டு வரிகளை நான் அகராதி வைத்துக்கொண்டு பிரித்து எடுத்துவிடுவேன். உச்சந்தலையில் நூல் கட்டித் தொங்கவிட்டாற்போல நில். தோளை விடு. மூச்சு அடிவயிற்றுக்குப் போகட்டும். பாரத்தை எல்லாம் தரைக்குக் கொடுத்துவிடு. எதிரி தள்ளினால் எதிர்க்காதே, இடம் கொடு. படங்களுக்கு நடுவில் இருந்த நீண்ட பத்திகளில் நாலைந்து வார்த்தை பிடிபடும், மிச்சத்தை நானே நிரப்பிக்கொள்வேன். நடுவில் படமே இல்லாத ஒரு அத்தியாயம் இருந்தது. பதினோரு பக்கம், எறும்பு ஊர்வது போல எழுத்து. அது என்னது என்று ஏழுமலை ஒருநாள் கேட்டான். சும்மா வரலாறு, தேவையில்லை என்று புரட்டிவிட்டேன்.

முக்கியமான பயிற்சி நிற்பதுதான். முட்டியை மடித்து, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தாற்போலக் கைகளை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது. எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ நிற்க வேண்டும் என்று நாங்களாக முடிவு செய்தோம். தாழ்ந்தால் பலம் கூடும் என்பது எங்கள் கணக்கு. மீன் எடுக்க வரும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு அம்மா கேட்டார்: "இன்னாப்பா, ரெண்டு பேரும் பாதி உக்காந்து பாதி நிக்கிறீங்க. மீதிய எப்ப உக்காருவீங்க?" எனக்கு வெட்கமாகிப் பத்து நிமிடத்தில் நிமிர்ந்துவிடுவேன். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு நின்றபடியே இருப்பான்.

கம்பெனி பஸ்தான் எங்கள் பரிசோதனைக் கூடம். பாரத்தைத் தரைக்குக் கொடுத்தவனை எதுவும் அசைக்காது என்பதால் கம்பியைப் பிடிக்காமல் நிற்பது என்று முடிவு. கோரிமேட்டுத் திருப்பத்தில் டிரைவர் பிரேக் போட்டார். நான் நேராகப் போய் ஒரு அக்காவின் மடியில், அவரது சாப்பாட்டு டப்பாவின்மேல் விழுந்தேன். எலுமிச்சைச் சாதம் பஸ் முழுக்க மணந்தது. உன் வித்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரக்கூடாதா என்று அவர் மத்தியானம்வரை திட்டினார். ஏழுமலை அசையவே இல்லை. நிஜமாகவே அசையவில்லை. அவனுக்கு உடம்பு இருந்தது, எனக்குப் புத்தகம் இருந்தது. அவன் நிற்பதைக் கண்டு பஸ்ஸில் இருந்தவர்கள் வியந்தபோது, அதில் பாதி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தோஷமான நாட்கள்தான். பொய் சொல்லக்கூடாது. அதுவரை என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. வீட்டில் கடைசிப் பிள்ளை, கம்பெனியில் மூடி திருகுகிறவன். இவன் ஒருத்தன்தான் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். அந்த ருசி பொல்லாதது. வேறு எந்தப் பழக்கத்தையும்விட என்னை அதுதான் முதலில் பிடித்துக்கொண்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஏழுமலை ஒரு மணி நேரம் நிற்கிற அளவுக்கு வந்துவிட்டான். தாழ, நன்றாகத் தாழ. அதற்காக ஓட்டத்தைக்கூடக் குறைத்துக்கொண்டான். ஒரு காலையில் பயிற்சி முடித்துப் படகில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தோம். அவன் இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள இன்னாவோ அரைக்கிற மாரி இருக்குடா. படி எறங்கினா குத்துது. புக்குல இதப் பத்தி இன்னா போட்டுருக்கு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அந்த நிமிடம் அது என் வாயில் வரவில்லை. புத்தகத்தைத் திறந்தேன். ஏதோ ஒரு பத்தியில் விரலை வைத்து, வரிவரியாக நகர்த்தினேன். மொழிபெயர்ப்பவன் யோசிப்பது போல நடுவில் நிறுத்தினேன். பிறகு படித்தேன். "முட்டியில் வலி வந்தால், பழைய முறுக்கு வெளியேறுகிறது என்று பொருள். நாற்பது நாள் நிறுத்தக் கூடாது." புத்தகம் என்றால் புத்தகம் மாதிரி இருக்க வேண்டுமே என்று செந்தமிழில் வேறு சொன்னேன்.

நாற்பது எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அது தவக்காலம். நாற்பது நாள் ஒருசந்தி விரதம், நாற்பது நாள் கறி கிடையாது என்ற பேச்சு தெருவெங்கும் நடந்துகொண்டிருந்தது. என் வாயில் வந்த எண் அப்படி வந்ததுதான்.

அவன் நின்றான். நாளை எண்ணிக்கொண்டு நின்றான். முப்பதாவது நாள் வாக்கில் நிமிரும்போது படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தான். கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன் என்று ஒருநாள் சொன்னேன். "நீதான படிச்ச" என்றான். அதற்குமேல் பேசினால் எல்லாவற்றையும் பேச வேண்டும்.

நாற்பது முடிந்து இரண்டு வாரத்தில் தேர்வு வந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். மைதானத்துக்கு வெளியே, மதில் ஓரம் அப்பாக்களும் அண்ணன்களுமாகக் கூட்டம். ஓட்டத்தில் ஏழுமலை முதலில் வந்தான் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது. அடுத்து நீளம் தாண்டுதல். கொஞ்ச நேரத்தில் இரண்டு பையன்கள் தோள் கொடுக்க, ஒற்றைக் காலில் அவன் வெளியே வந்தான். முகத்தில் நீர் வடிந்தது, வியர்வையா அழுகையா என்று தெரியவில்லை. நான் கிட்டே போனதும், "எறங்கும்போது டக்குனு சத்தம் கேட்டுச்சுடா" என்று மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்துவிட்டு, இது ஒரே நாளில் ஆனதில்லை, ரொம்ப நாளாகத் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது, இன்றைக்குக் கிழிந்துவிட்டது என்றார். எவ்வளவு நாளாக வலி, அதோடு என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். கம்பெனியில் பெட்டி தூக்குவேன் என்றான் ஏழுமலை. புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் எல்லாரும் மதாம் என்று கூப்பிடும் வயதான அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். அவர் இறந்த பிறகும் மதாம் காலையில் பிரெஞ்சுப் பத்திரிகை இல்லாமல் காபி குடிக்க மாட்டார். படமில்லாத அந்த அத்தியாயத்தைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரேஷன் கார்டு படிப்பது போல மளமளவென்று படித்தார். எனக்கு அகராதியோடு ஒரு வாரம் ஆகியிருக்கும், அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது.

"செய்யக் கூடாதது எல்லாத்தையும் எழுதியிருக்கான் தம்பி. புதுசா நிக்கிறவன் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாதாம். முட்டி வெரலத் தாண்டக் கூடாதாம். முட்டி நொந்தா அன்னியோட நிறுத்திடணுமாம். இத ரெண்டு எடத்துல போட்டுருக்கான்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன், யாருக்காச்சும் அடி பட்டுடுச்சா?"

இல்லை என்றேன். புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மதாம் என்று சொன்னதாக ஞாபகம். ஏழுமலை பிறகு ஒருமுறை அதைக் கேட்டபோது, வீடு வெள்ளையடித்ததில் எங்கேயோ போய்விட்டது என்றேன்.

சொல்லிவிடலாம் என்று நினைக்காத வருடம் கிடையாது. அவன் கல்யாணத்தின்போது நினைத்தேன். அவன் காலை இழுத்து இழுத்து மணவறையைச் சுற்றி வந்தபோது மேளக்காரர் கொஞ்சம் நிதானித்து வாசித்தார், நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். அவனுக்குக் காலாப்பட்டில் ஒரு விடுதியில் உட்கார்ந்தபடி சாவி கொடுக்கும் வேலை கிடைத்தபோதும் நினைத்தேன். நல்ல மனுஷர்கள், அவன் காலைப் பார்த்து நாற்காலி கொடுத்தார்கள். ஓடுகிறவனுக்கு நாற்காலி. சொல்லாமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. அவன் அந்த வாக்கியத்தை விடவே இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், வலி என்றால் பழைய முறுக்கு வெளியே போகிறது என்று அர்த்தம், ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, நான் நாற்பது நாள் வலியோடு நின்றவன் என்று சொல்லுவான். போலீஸ் ஆகாமல் போனதைப் பற்றிப் பேசமாட்டான். அந்த நாற்பது நாளைப் பற்றி மட்டும் பேசுவான். எப்படி எடுத்து உடைப்பது?

ஏழுமலை பன்னிரண்டாவதுவரை தமிழில் படித்தவன். ஆங்கிலக் காகிதம் என்றாலே கை கூசும். அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். விடுதிக்காரர்கள் கொடுத்த வேலை ஆணை, மகளின் கல்லூரி விண்ணப்பம், மருந்துச் சீட்டு, எல்லாம். அவன் மனைவி கேலி செய்வாள், உங்கள் சிநேகிதர் படிக்காமல் நீங்கள் மாத்திரையைக்கூட விழுங்கமாட்டீர்கள் என்று. ஒவ்வொரு காகிதத்தையும் நான் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். தெரியாத வார்த்தை வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, விசாரித்துக்கொண்டு வருவேன். இருபத்து மூன்று வருடமும் அப்படித்தான். அதில் பழைய கடன் ஏதோ கழிந்துகொண்டிருப்பதாக நினைத்தேன்.

அந்த அரை நிமிட வீடியோவைப் பார்த்த மறுநாள் காலாப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். விடுதி வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றினான். கால் நீட்டியே இருந்தது. அடுத்த மாதம் முட்டியில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள் என்றான். நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த வரி புத்தகத்தில் இல்லை, நானே இட்டுக்கட்டியது, புத்தகம் அதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது, அடிபட்ட மறுநாளே அது எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னை பஸ் ஒன்று போனது, இன்னொன்று போனது.

"நாப்பது நாளும் இல்லியா?" என்றான்.

"இல்லடா. அதுவும் நான் சொன்னதுதான்."

காலைப் பற்றி அவன் கேட்கவில்லை. போலீஸ் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அப்பா கடைசில ரொம்ப வலி தாங்காம கெடந்தாருடா. அவரு காதுல அதத்தான் சொல்லிகினே இருந்தேன். புக்குல போட்டுருக்குப்பா, போட்டுருக்குப்பான்னு. அவரும் தலைய ஆட்டினாரு."

அவன் பிளாஸ்கை மூடினான். மூடியை நன்றாகத் திருகி, ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, "சரி, கெளம்பு. பஸ்ஸு போயிடப் போவுது" என்றான்.

மனசில் இருந்ததை இறக்கி வைத்தால் லேசாகும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை. யாருக்காகச் சொன்னேன் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பாரத்தைத் தரைக்குக் கொடுப்பதாக நினைத்து, அவன் நின்றுகொண்டிருந்த இடத்தையே உருவிவிட்டேனோ?

நாங்கள் பழகிய மணலில் பாதியைக் கடல் கொண்டுபோய், அந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். மதாமின் பிள்ளைகள் அவரைப் பிரான்சுக்கே அழைத்துப் போனார்கள், வீடு இப்போது காபி விற்கும் கடை. பாட்டில் மூடிக் கம்பெனியில் வேறு ஏதோ செய்கிறார்கள். இதெல்லாம் போவதுதான், போனால் போகிறது என்றிருப்பேன்.

போன வாரம் முத்தியால்பேட்டை மார்க்கெட் பக்கம் மருந்துக் கடையில் ஏழுமலையைப் பார்த்தேன். சிரித்தான். வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டான். என் மனைவியின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஆபரேஷனுக்கான சீட்டை எடுத்தான். என் கை தானாக நீண்டது. அவன் அதைக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கொடுத்து, "இதுல இன்னா எழுதிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சி சொல்லும்மா" என்றான். அந்தப் பெண் படித்துச் சொல்லி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.